சட்டத்துக்குள் ஒரு சிம்மாசனம்

கேள்வி: இங்கிலாந்து ராஜாக்களைச் சட்டம் போட்டு அடக்கினார்களாமே, நம்ம பக்கம் அப்படி ஏதாச்சும் நடந்ததுங்களா?
(ஒரு வாசகர், பொள்ளாச்சி)

பதில்: நடந்ததுங்க, உங்க ஊருக்குப் பக்கத்திலேயே! பொள்ளாச்சியை ஒட்டிய சித்தூர் அன்று கொச்சி ராஜ்யம். 1935 முதல் 1941 வரை அங்கே திவான், நம்ம கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். அவர் காலத்தில், 1938இல் கொச்சி அரசாங்கச் சட்டம் வந்தது. விவசாயம், பொதுச் சுகாதாரம், பஞ்சாயத்து போன்ற துறைகள், சட்டசபைக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சரிடம் போயின. முதல் அமைச்சர் அம்பாட்டு சிவராம மேனோன். சில துறைகள் அமைச்சரிடம், மற்றவை திவானிடம் என்ற இந்த இரட்டையாட்சிக்கு, இந்திய சமஸ்தானங்களில் கொச்சிதான் முன்னோடி.

இங்கிலாந்தில் மன்னரைச் சட்டத்துக்குள் கொண்டுவர எவ்வளவு ரத்தம்! 1215இல் மாக்னா கார்ட்டா சாசனம், 1649இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை, 1689இல் உரிமைச் சட்டம். அதற்குப் பிறகுதான் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் மன்னர் வரி போடக்கூடாது என்பது உறுதியானது. கொச்சியில் யார் தலையும் உருளவில்லை. ஆனாலும் அது அரைக்கிணறுதான். கஜானாச் சாவியும் போலீஸும் திவானிடமே இருந்தன. சாவியில்லாத அமைச்சர் எத்தனை நல்லவராக இருந்தாலும் எவ்வளவு செய்துவிட முடியும்? பிறகு அந்த நிலை மாறியது: சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பரில் வாசித்தவரும் இதே செட்டியார்தான். அதை வாசித்தது மக்கள் பிரதிநிதிகள் முன்னால்.