செவிச்செல்வர்

பழைய மோட்டார் வண்டி ஒன்றை வைத்துக் காப்பாற்றிவரும் கிருகஸ்தருக்கு மனைவி மக்கள், உற்றார் உறவினர், கடன் கொடுத்தவர் ஆகியோருடைய பந்தங்களைத் தவிர இன்னொரு பந்தமும் நாளடைவில் தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. வண்டியின் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் அதன் வியாதியைச் சொல்லிவிடும் வல்லமை தமக்கு உண்டென்று தாமும் நம்பி, பிறரையும் நம்பவைத்துவிடுகிற செவிச்செல்வருடைய பந்தம்தான் அது.

செவிச்செல்வர் மெக்கானிக் அல்லர். அப்படி யாரேனும் தவறாக எண்ணிக்கொண்டால் சிறிது வருத்தப்படவும் செய்வார். பாங்கிலோ மின்சார வாரியத்திலோ நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒருநாளும் கிரீஸ் கறை பட்டதில்லை. ஆயினும் புதுப்பேட்டையில் எந்தச் சந்தில் எந்த வண்டியின் கதவுக் கைப்பிடி அகப்படும் என்பது அவருக்கு மனப்பாடம். அம்பாசிடர் என்பது 1956-ல் இங்கிலாந்தில் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் மறு அவதாரம் என்பதையும், அதன் முன்சக்கரங்களின் பாரத்தைச் சுருள்வில் தாங்குவதில்லை, நீளவாட்டில் கிடக்கும் முறுக்குத் தண்டே தாங்குகிறது என்பதையும், கேட்டவருக்கும் கேளாதவருக்கும் எடுத்துரைப்பார். உத்தரபாராத் தொழிற்சாலையில் அதன் உற்பத்தி 2014-ல் நின்றுபோன வரலாற்றைத் துக்கம் விசாரிக்கும் குரலில்தான் சொல்லுவார்.

அவர் வண்டியில் ஏறி உட்காரும் முறையே தனி. கதவை மெதுவாகச் சாத்தி, அது சாத்திய ஓசையிலிருந்தே ஏதோ ஒன்றைக் கிரகித்துக்கொண்டவராகத் தலையை இருமுறை அசைத்து, பிறகு ஆக்ஞைகளைப் பிறப்பிப்பார்: "சார், ஜன்னலை இறக்குங்க. ரேடியோவை அணைச்சுடுங்க. பின்னால குழந்தை அழுதா, கொஞ்ச நேரம் கழிச்சு அழச் சொல்லுங்க." வண்டி புறப்பட்டதும் கண்களை மூடிக்கொள்வார், ஆலாபனை தொடங்கிய அரைக்கணத்தில் இது இன்ன ராகமென்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிடத் துடிக்கும் சபை ரசிகரைப் போல, தெருமுனை திரும்புமுன்னரே அவருடைய ஆள்காட்டி விரல் மேலே எழுந்துவிடும்.

"கேட்டீங்களா?"

"கடகடன்னு ஏதோ கேட்டது சார்."

"கடகடன்னா சொல்றீங்க? எனக்கு லொடலொடன்னு கேக்குது. ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் உண்டு சார். கடகடன்னா ஐந்நூறு ரூபாயில முடியும், லொடலொடன்னா ஐயாயிரம்."

வண்டியின் சொந்தக்காரர் அந்தக் கணம் முதல் தம் காதுக்குக் கடகடவென்றே கேட்கவேண்டுமென்று குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளத் தொடங்குவார்.

செவிச்செல்வருடைய சாஸ்திரம் முழுவதும் பொய்யென்று தள்ளிவிடுவதும் நியாயமன்று. வண்டிகள் உண்மையாகவே பேசத்தான் பேசுகின்றன. வேகம் ஏற ஏறத் தானும் ஏறி, கியரை மாற்றினாலும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் மாறாமல் தொடரும் ஹூங்காரம் பெரும்பாலும் சக்கரத்துப் பேரிங் தேய்ந்ததன் அடையாளம். இடப்பக்கம் வளையும்போது பாரம் வலச் சக்கரத்தின்மேல் சாய்கிறதாகையால், அப்போது அந்த ஹூங்காரம் ஓங்கினால் வலப்பக்கத்துப் பேரிங்கைச் சந்தேகிப்பது முறை. ஆனால் மேடு பள்ளமாகத் தேய்ந்த டயரும் ஏறக்குறைய அதே குரலில்தான் முனகும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் கையில் நடுங்கி, அதைக் கடந்ததும் அடங்கிவிட்டால் சக்கரத்தின் எடைச் சமன் கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கையை விட்டால் வண்டி தானாக ஒருபக்கம் ஒதுங்குமாயின் அலைன்மென்டைப் பார்க்கவேண்டும். அதற்கும் முன்னால் இருபக்கத்து டயர்களின் காற்றையும் பார்த்துவிடவேண்டும். இவ்வளவும் செவிச்செல்வருக்குத் தெரியும். இவற்றுள் எதை எந்த வண்டிக்குப் பொருத்துவது என்பதில்தான் அவருடைய சுதந்திரம் ஆரம்பமாகிறது.

1983 டிசம்பரில் மாருதி 800 தெருவுக்கு வந்ததிலிருந்து அவருடைய ஞானம் ஒரு படி விரிவடைந்தது. முன்சக்கரங்களே இழுத்துச் செல்லும் அவ்வகை வண்டிகளில், ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துத் திருப்பும்போது டிக் டிக்கென்று கேட்டால் ஆக்ஸில் நுனியிலுள்ள சி.வி. ஜாயின்ட் தேய்ந்துவிட்டதென்று மருமகப்பிள்ளையின் மாருதியில் அவர் கற்றுக்கொண்டார். கற்ற வித்தையை அம்பாசிடருக்கும் அருள மனம் கொண்டார். அம்பாசிடரைப் பின்சக்கரங்கள் தள்ளுகின்றன, முன்பக்கத்தில் அப்படியொரு உறுப்பே கிடையாது என்று மெக்கானிக் பணிவாகத் தெரிவித்தபோது, செவிச்செல்வர் சிறிதும் கலங்காமல், "கம்பெனிக்காரன் எல்லாத்தையும் வெளியில சொல்லிடுவானா தம்பி?" என்று கேட்டுவிட்டார்.

இவருடைய இனத்திலும் மதபேதங்கள் உண்டு. உலகத்துச் சத்தங்கள் அனைத்துக்கும் மூலகாரணம் பேரிங்கே என்பவர் ஒரு சாரார். அலைன்மென்ட் நேரானால் சத்தம் மட்டுமன்றிக் குடும்பச் சச்சரவுகளும் தீர்ந்துவிடும் என்னும் தோரணையில் பேசுபவர் மற்றொரு சாரார். மூன்றாமவர் துறவு மார்க்கத்தைப் போதிப்பவர். அவர் எதையும் கேட்பதில்லை, "வித்துடுங்க" என்ற ஒரே மந்திரத்தை உபதேசித்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். முதல் இரு சாராரும் தற்செயலாக ஒரே வண்டியில் ஏறிவிட்டால், வாதத்தின் இரைச்சலில் வண்டியின் இரைச்சல் கேட்காமல் போய், சொந்தக்காரருக்கு அன்று ஒருநாளாவது நிம்மதி கிடைக்கிறது.

அறிவு வரும் வழிகளைக் கணக்கெடுத்த நம்முடைய தர்க்க சாஸ்திரிகள் பிரத்தியட்சத்தை முதலிலும் அனுமானத்தை அடுத்தும் வைத்தார்கள். தொலைவில் மலைமேல் புகையைக் கண்டு அங்கே நெருப்பு இருக்கிறதென்று ஊகிப்பது அனுமானம். மலைமேல் ஏறி நெருப்பைக் கண்ணால் காண்பது பிரத்தியட்சம். செவிச்செல்வர் அனுமானத்தின் பரம பக்தர். மலைமேல் ஏறும் யோசனையையே அவர் விரும்புவதில்லை. மோட்டார் உலகில் அந்த மலைக்குப் படியாக அமைந்திருப்பது ஜாக்கி என்னும் எளிய கருவி. பட்டறைப் பையன் சக்கரத்தைத் தரையிலிருந்து சிறிது தூக்கி, அதன் மேலும் கீழும் கைவைத்து அசைத்துப் பார்க்கிறான். ஆடினால் பேரிங்கையும் சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளையும் சோதிக்கிறான். பிறகு இடமும் வலமும் பிடித்து அசைக்கிறான்; இவ்வாட்டம் மட்டும் இருந்தால் டை ராடு எண்ட் முதலிய ஸ்டியரிங் இணைப்புகளின்மேல் அவன் கண் போகிறது. கடைசியாகச் சக்கரத்தைச் சுழலவிட்டுக் கரகரப்பு உண்டா என்று பார்க்கிறான். ஒரு டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. செவிச்செல்வருக்கு அவன்மேல் உள்ள மனத்தாங்கலும் அதுவேதான். மூன்று வாரம் நடக்கவேண்டிய ஒரு சம்பாஷணையை இரண்டு நிமிஷத்தில் கொன்றுவிடுகிறவனை யார் மன்னிப்பார்கள்? ஆகையால், பட்டறை கண்ணில் பட்டதுமே, "ஜாக்கியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார், முதல்ல இன்னொரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்பார்.

சொந்தக்காரரும் போகிறாரே, அவருக்கு அறிவில்லையா என்று கேட்கத் தோன்றலாம். அறிவு இருப்பதனால்தான் போகிறார். அனுமானத்துக்குச் செலவு கிடையாது. பிரத்தியட்சமோ பில்லோடு வருகிறது. வாதம் நீடிக்கும்வரை வியாதி நிர்ணயமாகவில்லை. நிர்ணயமாகாத வியாதிக்கு யாரும் பணம் கட்டவேண்டியதில்லை. தனியாக ஓட்டிச் செல்கையில் வயிற்றைக் கலக்கும் அதே சத்தம், பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடி ரசிக்கும்போது பேசுவதற்கு ஒரு விஷயமாகிவிடுகிறது. செவிச்செல்வரை வளர்ப்பவர் இவ்வண்ணம் அவரால் அலைக்கழிக்கப்படுகிறவரே.

அப்படிப்பட்ட ஓர் அம்பாசிடரில் மெல்லப் போகும்போது கேட்டு, வேகமெடுத்தால் மறைந்துவிடும் ஒரு லொடலொடப்பு தோன்றிற்று. பேரிங் பட்சத்தாரும் அலைன்மென்ட் பட்சத்தாரும் மாறி மாறி ஏறி இறங்கினார்கள். வேகத்தில் மறைகிற சத்தம் பேரிங்குடையதாக இருக்கமுடியாது என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. கடைசியில் டயருக்குக் காற்றுப் பிடிக்க நின்ற இடத்தில், அங்கிருந்த பையன் ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பி முன்சக்கரத்து வீல் கப்பைக் கழற்றினான். கழன்றுபோன சக்கரத்து நட்டு ஒன்று அதற்குள்ளிருந்து தரையில் உருண்டது. வண்டி மெல்லப் போகையில் உள்ளே உருண்டு புரண்டு ஒலித்ததும், வேகத்தில் சுழற்சியின் விசையால் விளிம்போடு ஒட்டிக்கொண்டு மௌனம் சாதித்ததும் அந்த நட்டுத்தான். மற்ற நட்டுகளும் தளர்ந்துதான் இருந்தன. இன்னும் சில நாள் அனுமானம் நீடித்திருந்தால் சக்கரமே பிரத்தியட்சமாக முன்னால் ஓடியிருக்கும். பையன் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு, கொடுத்த பத்து ரூபாயை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நான்தான் முதல்லேயே சொன்னேனே சார், சக்கரத்துப் பக்கம்தான்னு" என்றார் செவிச்செல்வர், மகுடம் சிறிதும் சரியாமல்.

வண்டி புறப்பட்டது. ஜன்னல் இறங்கிற்று, கண்கள் மூடின. ஒரு தெரு கடந்தது, இரண்டு தெரு கடந்தது, விரல் எழவில்லை. நெற்றியில் மட்டும் சுருக்கம் விழுந்தது.

"சார், இப்போ சத்தமே கேக்கலையே."

"ஆமாம் சார், சரியாப் போச்சு."

"இவ்வளவு பழைய வண்டி சத்தமே போடாம ஓடுறது எனக்கு என்னவோ சரியாப் படலை. எதுக்கும் பீச் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ப் பாத்துடலாமா?"

சொந்தக்காரர் பெட்ரோல் முள்ளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "எனக்கும் அதே சந்தேகம்தான் சார்" என்று சொல்லிக் கடற்கரைப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.