நிலவுக்குப் போன துடைப்பம்

அலுவலகப் பயிற்சி வகுப்பு என்றால் சமோசா வருவதற்கு முன் ஒரு கதை வந்துவிடும். 1962-ல் அமெரிக்க அதிபர் கென்னடி நாசாவுக்குப் போனாராம். துடைப்பத்தோடு நின்றவரிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாராம். மனிதனை நிலவுக்கு அனுப்ப உதவுகிறேன் என்றாராம் அவர். இப்படியொரு உரையாடல் நடந்ததற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. கைதட்டலுக்கு ஆதாரம் எதற்கு? அந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் எந்தப் பயிற்சியாளரும் சொல்ல மாட்டார்.

ஆதாரத்தோடு ஒரு கதையும் இருக்கிறது. ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அமெரிக்க மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் வருகிறார்கள். சிலர் தரையைத் துடைத்ததோடு விடவில்லை. நோயாளிகளிடம் நாலு வார்த்தை பேசினார்கள், பார்க்க வந்தவர்களுக்கு வழிகாட்டினார்கள். நினைவிழந்து கிடந்தவர்களின் அறையில் சுவர்ப் படங்களை அவ்வப்போது இடம் மாற்றி மாட்டிய ஒருவரைப் பற்றியும் ரெஸ்னெஸ்கி சொல்வதுண்டு. அந்த மாற்றமாவது அவர்களை எட்டாதா என்ற நப்பாசை. மேலாளர் யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. பவர்பாயிண்ட்டும் காட்டவில்லை.

இதற்கிடையே, 2015-ல் பிரிட்டனில் யூகவ் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், வேலையில் இருப்பவர்களில் 37 சதவீதம் பேர் தங்கள் வேலையால் உலகத்துக்கு உருப்படியான பயன் எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். இப்படிப்பட்ட வேலைகளைப் பற்றி மானுடவியலாளர் டேவிட் கிரேபர் 2018-ல் ஒரு புத்தகமே போட்டார்.

அடுத்த பயிற்சி வகுப்பில், காலி டீ கப்பை எடுக்க வரும் அம்மாவையே பாடம் நடத்தச் சொல்லுங்கள். பயிற்சியாளருக்கு எழுதிய செக்கையும் அந்த அம்மா பெயருக்கே மாற்றிவிடுங்கள்.