வராமலே வென்றவர்

ஜெயித்த பிறகு தொகுதிப் பக்கம் தலைகாட்டாத எம்.எல்.ஏ.வை எல்லா ஊரும் பார்த்திருக்கும். ஜெயிப்பதற்கு முன்பும் தலைகாட்டாதவரை ஜெயிக்கவைத்த பெருமை எங்கள் ஆண்டிபட்டிக்கு. 1984 டிசம்பரில் ஓட்டுப் போட்டபோது எம்.ஜி.ஆர். அமெரிக்காவில், புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். ஆட்சி நிலைத்தது.

ஆளுங்கட்சியே மறுபடி ஜெயிக்க அதன்பின் 32 ஆண்டு ஆனது. 2016இல் அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்தபோது ஆண்டிபட்டி, பெரியகுளம், போடி, கம்பம் என எங்கள் பக்கத்துத் தொகுதிகள் நான்கும் இரட்டை இலைக்கே. மறு ஆண்டே முதல் இரண்டு தொகுதி எம்.எல்.ஏ.க்களும் தகுதிநீக்கம். 2019 இடைத்தேர்தல் வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல், அங்கே எம்.எல்.ஏ.வே கிடையாது.

எங்களுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை.