ஞாயிற்றுக்கிழமைத் தம்பதி

ஆவுடையார்கோவிலில் தெருவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தம்பதி உண்டு. கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் 'சும்மா ஒரு ரவுண்டு' போகிறவர்கள். நாலு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. நாலரைக்கு வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் கிளம்பிவிடுவார்கள். வீட்டைவிட்டுக் கிளம்ப ஐந்தே முக்கால். அம்மணி புடவைக்கு மடிப்பு வைத்து முடிக்கிறவரை அவர் வண்டியைத் துடைப்பார். ஊரிலேயே சுத்தமான வண்டி அதுதான்.

எங்கே போவது என்பதில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அந்தக் காலத்துச் சிற்பிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார்களாம். கல்லை மரச்சட்டமாக இழைத்து, ஆணிக் குமிழ் வரைக்கும் செதுக்கிய கூரை. இன்னொரு தடவை அதைச் செய்ய யாருக்குக் கை வரும்? விருந்தாளிகள் வரும்போதெல்லாம் அண்ணாந்து காட்டி இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, நம்மாளுக்கும் பாடம் ஏறிவிட்டது. "எங்க வேணாலும் கூட்டிட்டுப் போறேன், அறந்தாங்கி ஜவுளிக்கடை நீங்கலாக" என்பார்.

ஆகவே மீமிசல் பக்கம், கடலுக்கு. பாக் விரிகுடா, குளம் மாதிரி கிடக்கும். அலை வந்து காலை நனைக்கும், படம் எடுக்கலாம் என்று அம்மணி செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்பார். அலை வராது. கால்தான் சேற்றில் இறங்கும்.

"நிச்சயதார்த்தத்தன்னைக்கு மெரினாவக் காட்டுறேன்னு சொன்னீக."

"அங்கிட்டும் இங்கிட்டும் ஒரே தண்ணிதானே?"

கல்யாண நாள் என்றால் கோயில். உள்ளே இருக்கிற தம்பதி படத்துக்குப் பிடிகொடுக்காதவர்கள். ஆத்மநாதருக்கு லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும். யோகாம்பாளுக்குப் பாதம் மட்டும். நந்தி இல்லை, கொடிமரமும் இல்லை. இப்படி அடக்கமாகக் குடியிருப்பவர்களின் வீட்டு மண்டபத்தில்தான் நம்மவர்கள் குறவன் சிலையோரம் ஒருவர், குறத்தி சிலையோரம் ஒருவர் என்று நின்று படமாக எடுத்துத் தள்ளுவார்கள். குறத்தியின் ஒய்யாரம் தனக்கு வரவில்லையே என்று அம்மணிக்குக் குறை. எடுக்கிற ஆள் சரியில்லை என்பது அதற்கு அவரே கண்ட காரணம்.

இந்தக் கோயிலின் நைவேத்தியமும் அலாதி. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கல்மேடையில் பரப்புவார்கள். எழும்புகிற ஆவிதான் சுவாமிக்கு. கூடவே கீரை, பாகற்காய். இது தெரிந்தால்தான் அடுத்த ஞாயிறு நடந்தது விளங்கும். அன்று அறந்தாங்கியில் ஒரு பிரியாணிக் கடை வாசலில் வண்டி நின்றது. அவர் கூட்டத்தைப் பார்த்தார், விலைப்பலகையைப் பார்த்தார். "வீட்ல மாவு இருக்குல்ல?" என்றார். வண்டி திரும்பிவிட்டது. ஊருக்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர். பாதி தூரம் பின்னாலிருந்து சத்தமே இல்லை. பிறகு வந்தது.

"வாசனையக் காட்டிட்டு வண்டியத் திருப்புறீகளே, நான் என்ன ஆத்மநாதரா, ஆவியிலேயே வயிறு நெறைய?"

ஆடி பிறந்தால்தான் நம்மாளுக்கு விடிவு. கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய் விருந்து தொடங்கிவிடும். கல்யாணமில்லை, காதுகுத்தில்லை, செய்த மொய்யைத் திரும்ப வாங்குவதற்கென்றே பந்தல். நாலைந்து பேர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு ஆட்டுக்கறி விருந்து போடுவார்கள். அவரவர் பெயருக்குத் தனித்தனியாக மொய் எழுத ஆள் இருக்கும். இப்போது கம்ப்யூட்டர் ரசீது வேறு. வட்டியில்லாக் கைமாற்றுதான், கேலி பேசுகிறவர்கள் இதில் தொழில் தொடங்கியவர்களையும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களையும் கேட்டுப் பார்க்கட்டும். நம்மாளுக்கு அது கடன் அடைக்கிற நாள். வீட்டில் மட்டும், "இந்த வாரம் வெளிய சாப்பாடு, நல்ல புடவையா கட்டிக்க" என்று அறிவிப்பார்.

அம்மணிக்கா தெரியாது? பட்டுப்புடவையோடு பந்தியில் உட்கார்ந்து, நல்லி எலும்பைப் பொறுமையாக முடித்து, கை கழுவி வந்து ரசீதை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டாயிரமா? அவுக நமக்குச் செஞ்சது ஆயிரத்து ஐந்நூறுதானே?"

"கூட்டித்தான் செய்யணும். அதான் முறை."

"அப்ப வாங்க, அந்த ஐந்நூறுக்கு இன்னொரு பந்தி உக்காருவோம்."