பாதாம் பால்: சுவை எதில், சத்து எதில்?

கேள்வி: கடையில் விற்கும் பாதாம் பால் வகைகளில் சுவைக்கும் சத்துக்கும் ஏற்றது எது?

பதில்: குங்குமப்பூ மணத்தோடு புட்டியில் குளிரவைத்து விற்கப்படுவது பெரும்பாலும் சர்க்கரை சேர்த்த மாட்டுப் பாலே என்பதால், பால் ஒவ்வாதவர்கள் அதைத் தவிர்த்து, பாதாமை நீர்விட்டு அரைத்து வடித்த, அட்டைப் பெட்டியில் வரும் தாவரப் பானத்தையே நாட வேண்டும். அதில் இனிப்பூட்டாத வகை 240 மில்லிக்கு ஏறக்குறைய 30 முதல் 40 கலோரி தருகிறது; இனிப்பூட்டியது நாவுக்கு இதமானாலும் சுமார் 7 கிராம் சர்க்கரையையும் உடன் கொண்டுவருகிறது. புரதம் இரண்டிலும் 1 கிராம் அளவே, மாட்டுப் பாலிலோ 8 கிராம். ஆகவே வளரும் குழந்தைக்கு இது பாலுக்கு ஈடாகாது. இந்தத் தாவரப் பானத்தில் சேர்க்கப்படும் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புச் சத்து கரையாமல் அடியில் படிவதால், குலுக்காமல் ஊற்றுபவர் காசு கொடுத்து வாங்கிய சத்தைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்.