கூடத்தில் விமானம் இறக்குவது எப்படி?

முதல் வேலை, வீட்டுச் சம்மதம். 'விளையாட்டுச் சாமான்' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. சிமுலேட்டர் என்றே சொல்லுங்கள். அப்போதும் முறைத்தால் எட்வின் லிங்கைத் துணைக்கு அழையுங்கள். பியானோவும் ஆர்கனும் செய்த அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளை. ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே 1929-இல் விமானப் பயிற்சிப் பெட்டி செய்தவர். அமெரிக்க ராணுவம் 1934-இல் அதை வாங்கியதை அழுத்திச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள் என்பதை விழுங்கிவிடுங்கள்.

அடுத்து ஜாய்ஸ்டிக். ஏர்பஸ் ஏ320-இல் கேப்டன் இடப்பக்கம் உட்கார்ந்து இடக்கையால் சைடுஸ்டிக்கைப் பிடிப்பார். வலக்கை நடுவிலுள்ள த்ராட்டிலுக்கு. வலக்கைக்கென்றே வார்த்த ஸ்டிக்கை வாங்கினீர்களானால் ஆயுள் முழுக்கத் துணை விமானிதான்.

பிடியைத் திருகினாலே ரடர் வேலை செய்யும் மாடல்களும் உண்டு. அதோடு திருப்திப்படுகிறவர் மேற்கொண்டு படிக்க வேண்டாம். நமக்குக் கால் பெடல் வேண்டும். பெடல் வந்த அன்றுதான் நாற்காலிக்குச் சக்கரம் இருப்பதே உறைக்கும். குறுக்குக் காற்றில் வலக்காலை அழுத்துவீர்கள். விமானத்தின் மூக்கு வலப்பக்கம் திரும்பும், நாற்காலி பின்பக்கம் போகும், டைல்ஸ் தரையில் பெடல் சோபாவுக்கடியில் புகும். ஸ்டிக் மட்டும் மேசையில் இறுகிக் கிடக்கும். எல்லாம் திசைக்கொன்றாய்ப் பிரியும் நேரம் பார்த்துத்தான் ஓடுபாதை வரும். நாற்காலியையும் பெடலையும் ஒரே பலகையில் திருகாணி போட்டு முடுக்குவது உத்தமம். பலகை பரணில் இருக்கும். கேட்டால் கிடைக்காது; எடுத்துக்கொள்ளுங்கள்.

மலிவான ஸ்டிக்குக்குள் இருப்பது பொட்டன்ஷியோமீட்டர். அதன் கரித்தடம் உரசி உரசித் தேயும். கையை எடுத்த பிறகும் விமானம் தன்போக்கில் சாயும். ஹால் சென்சார் காந்தப்புலத்தை வைத்து அளப்பதால் அதில் உரசல் கிடையாது. விலையைக் கேட்டதும் வீட்டில் வரும். காசில்லாதவர்களுக்கு டெட்ஸோன் இருக்கிறது: ஸ்டிக்கை நடுவில் கொஞ்ச தூரத்துக்கு எப்படி அசைத்தாலும் கணினி கண்டுகொள்ளாது. சில அலுவலகக் கவுண்டர்களில் இந்த வசதி வெகுகாலமாக உண்டு. அளவாக வையுங்கள், கூட்டிக்கொண்டே போனால், இறங்கும் நேரத்தில் ஸ்டிக்கை இழுத்தாலும் மூக்கு எழாது.

இரண்டாவது ஸ்டிக் கேட்டு மகன் நச்சரிக்கும்போது கவனம். ஏ320-இன் இரண்டு ஸ்டிக்குகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை அல்ல. ஒருவர் இழுப்பது மற்றவர் கைக்குத் தெரியாது. இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் கணினி இரண்டையும் கூட்டிக்கொண்டு, 'டூயல் இன்புட்' என்று குரல் கொடுக்கும். நீங்கள் ஏற்ற, அவன் அதே அளவுக்கு இறக்க, விமானம் நேரே போய்க்கொண்டிருக்கும். இதற்காகவே ஸ்டிக்கில் சிவப்புப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். கடைசியாக அழுத்திப் பிடித்தவர் கைக்கே விமானம் போகும். உங்கள் வீட்டில் அது யாருக்கு என்று புறப்படும் முன்பே பேசி முடியுங்கள். பிளக் சுவிட்ச் பக்கம் நிற்பவரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.