கெஸ்ட் நெட்வொர்க்

2003-ல் வீட்டு இணையத்தில் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிக்கப் படிப்பெல்லாம் தேவைப்படவில்லை. திரையின் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி மானிட்டர்கள் இருக்கும். நாம் ஏதாவது பக்கத்தைத் திறந்தால் மினுக்கும். வந்ததைப் படித்துக்கொண்டிருந்தால் அணைந்து கிடக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவை மினுக்கினால் உள்ளே எவனோ புகுந்துவிட்டான் என்று பொருள்.

56கே மோடம். நல்ல நாளிலேயே நொடிக்கு ஐந்து கிலோபைட் வந்தால் பெரிது. வீட்டுக்கு ஒரே தொலைபேசிக் கம்பி என்பதால், நான் உள்ளே போனால் ஊருக்கே ஃபோன் எங்கேஜ்டு. “பெரியம்மா காலையிலேர்ந்து அடிச்சுப் பாக்குறாங்களாம்டா, அந்தச் சனியனப் புடுங்கு” என்பார் அப்பா. மீட்டர் வேறு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு மினுக்கலுக்கும் காசுக் கணக்கு உண்டு.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் என்ற வைரஸ் கிளம்பியது. சந்தேகமான மெயிலைத் திறக்க வேண்டாம், கண்டதை இறக்க வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பி வைத்துக்கொண்டு இணையத்தில் கால் வைத்தாலே போதும், 135-ம் எண் போர்ட் வழியாக வந்துவிடும். வந்ததும் ஒரு பெட்டி தோன்றும்: 60 நொடியில் கணினி அணைந்துவிடும். 59, 58 என்று கண்ணெதிரே இறங்கும். அதற்குள் ரன் பெட்டியைத் திறந்து ‘ஷட்டவுன்’ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, ஒரு கோடு போட்டு, ‘ஏ’ தட்ட வேண்டும். தட்டச்சுப் பள்ளியில் ஹையர் பாஸ் செய்தவர்களுக்குக்கூட அந்த வேகம் வந்திருக்காது. பிழைத்தால், கறுப்புத் திரையில் ‘நெட்ஸ்டாட்’ அடித்துப் பார்க்கலாம். முன்பின் அறியாத முகவரிகள் வரிசையாக ஓடும், ஒவ்வொன்றின் வாலிலும் 135. நம் வீட்டுக் கணினி நம் காசில் ஊரான் வீட்டுக் கதவையெல்லாம் தட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வைரஸுக்குள்ளேயே பில் கேட்ஸுக்கு ஒரு வசவும் எழுதி வைத்திருந்தான் புண்ணியவான்: காசு பார்த்தது போதும், மென்பொருளை ஒழுங்காகச் செய் என்று. இத்தனைக்கும் ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஜூலை 16 அன்றே வெளியாகியிருந்தது. மீட்டர் ஓட ஓட அதை இறக்கி வைக்கும் அளவுக்கு யாருக்கு முன்யோசனை இருந்தது?

எனக்குப் பிடித்தது பிளாஸ்டருக்கு அடுத்த வாரம் வந்த வெல்சியா என்ற இன்னொரு வைரஸ். அது பரோபகாரி. பிளாஸ்டர் இருக்கும் கணினிக்குள் புகுந்து அதைக் கொல்லும், திருத்தத்தையும் தானே இறக்கி நிறுவும், ஒரு ரீஸ்டார்ட்டும் கொடுக்கும். அடுத்து யாருக்கு உதவலாம் என்று தேடிக் கண்ட முகவரிக்கெல்லாம் பிங் அடித்ததில், பிளாஸ்டரைவிட இதனால் திணறிய அலுவலகங்கள் உண்டு. ஆனாலும் மரியாதை தெரிந்த ஜந்து. 2004 பிறந்ததும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது.

இப்போது வீட்டில் 40 எம்பிபிஎஸ் ஃபைபர். காகிதக் கணக்கில் பழைய மோடத்தைப்போல் 700 மடங்கு. ரவுட்டரின் பச்சை விளக்குகள் பகலும் இரவும் மினுக்குகின்றன. மினுக்காவிட்டால்தான் எல்லோரும் பதறுகிறார்கள்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக மைத்துனன் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தான். “அப்பா, மீட்டிங்ல வாயைத் திறந்தபடியே ஃப்ரீஸ் ஆகி நின்னேனாம்” என்று மகள் மாடியிலிருந்து கத்தினாள். பிங் அடித்துப் பார்த்தேன். 10 மில்லிசெகண்டில் திரும்ப வேண்டிய பதில் 1,400-ல் வந்தது. கஸ்டமர் கேரில் ஒரு பையன், “ரவுட்டரை ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க சார்” என்றான். தலைவலிக்கும் பிரசவத்துக்கும் ஒரே மாத்திரை.

192.168.1.1 என்று அடித்து ரவுட்டருக்குள் போனால் அங்கே ஒரு சத்திரமே நடந்துகொண்டிருந்தது. டிவி, பேசும் டப்பா, பெயரில்லாத மூன்று பேர். அந்த மூன்றில் ஒன்று வாஷிங் மெஷின். துணி துவைக்க அதற்கு எதற்கு இணையம் என்று இன்றுவரை விளங்கவில்லை. வாசல் கேமரா தன் பங்குக்கு, காற்றில் வேப்பங்கிளை ஆடும்போதெல்லாம் திருடன் என்று நினைத்து, கிளிப் கிளிப்பாக கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் சில்லறை. அப்லோட் கட்டத்தில் எண் எகிறியது நான்கு ஃபோன்களுக்கு நேராக; நான்கும் மைத்துனன் வீட்டாருடையவை. வைஃபையும் சார்ஜரும் சேர்ந்து கிடைத்த நிமிஷத்தில் ஃபோன் பேக்கப்பைத் தொடங்கிவிடும். மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், நலங்கு, பந்தியில் பாயசம் ஊற்றியது வரை எல்லாம் ஃபோர்கே. ஒரு நிமிட வீடியோவே 300, 400 எம்பி. அந்த ஒரு நிமிடத்தை மேலே ஏற்ற என் பழைய மோடத்துக்கு ஒரு நாள் பிடித்திருக்கும்.

அப்லோட் அடைத்துக்கொண்டால் டவுன்லோடும் படுத்துவிடும் என்பதுதான் இதில் வேடிக்கை. கீழே வரும் தரவுக்கு ‘வந்து சேர்ந்தது’ என்று ஒப்புகை மேலே போயாக வேண்டும். ரேஷன் கடையில் வெறும் கையெழுத்துப் போட வந்தவர், மூட்டை மூட்டையாக வாங்குகிறவர்கள் பின்னால் நிற்பதுபோல, அந்தத் துளி ஒப்புகை பாயச வீடியோக்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். அது போய்ச் சேராமல் அடுத்தது வராது.

பிளாஸ்டரை டாஸ்க் மேனேஜரில் தேடிப் பிடித்து எண்ட் ப்ராசஸ் கொடுத்தோம். மைத்துனனுக்குக் கொடுக்க முடியுமா? அவன் அக்கா சமையலறையில் இருக்கிறாள். இதில் திருட்டு என்று எதுவுமே இல்லை. பாஸ்வேர்டை நானே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். அவனும் ஃபோன் கேட்ட இடத்திலெல்லாம் அனுமதி என்று அழுத்தியிருந்தான்.

ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒரு வசதி உண்டு. விருந்தாளிக்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்ட், தனி வேக வரம்பு. “பழைய பாஸ்வேர்ட மாத்திட்டேன், செக்யூரிட்டிக்காக” என்று புதுச் சீட்டு எழுதிக் கொடுத்து, அப்லோடை 2 எம்பிபிஎஸ்ஸில் கட்டிப்போட்டேன். பிங் இரண்டு இலக்கத்துக்கு இறங்கியது. மகள் மீட்டிங்கில் அசைய ஆரம்பித்தாள்.

ஊருக்குக் கிளம்பும்போது மைத்துனன் என்னைத் தனியாக அழைத்தான். “தப்பா நினைக்காதீங்க அத்தான். ரெண்டு நாளா பாக்குறேன், உங்க வீட்டு நெட்டு ரொம்ப மோசம். அக்காகிட்ட சொல்லிட்டேன், முதல்ல கம்பெனியை மாத்தச் சொல்லி.”